வழுவழுப்பான படம்

வான்ரோங்குக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சி.டி. ஸ்கேன் மெஷினில் படுத்திருந்தது அவளுடைய சொந்த அக்கா லிஹுவா. சந்தையில் கோழி பொரித்தே பாதி ஆயுளைக் கழித்தவள், சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. அவள் நுரையீரலில்தான் பயறளவு மங்கலாக ஒரு புள்ளி. அது வளர்கிறதா என்று அவ்வப்போது படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

போன முறை லிஹுவா வரவே இல்லை. "நோயத் தேடுறோம்னு கதிரப் பாய்ச்சிப் பாய்ச்சியே நோய வரவெச்சிருவீங்க" என்று போனை வைத்துவிட்டாள். கதிர்வீச்சைக் குறைத்தால் படம் மணல் தூவியதுபோல் வரும். அந்த மணலை நீக்கிப் படத்தைத் தெளிவாக்கும் புரோகிராமைத்தான் வான்ரோங் வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாள். பழைய கதிரில் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று கெஞ்சிக் கூத்தாடித்தான் இன்று அக்காவை வரவழைத்திருந்தாள்.

டெக்னீஷியன் சீஹோங் மெஷின் கணினியின் மேலிருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பாக்கெட்டை நேராக்கி வைத்தான். அது இருந்தால் மெஷின் சொன்ன பேச்சு கேட்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை.

"நாம படிச்சவங்க, சீஹோங்."

"அதனாலதான் மேடம் தேதி பாத்து வாங்கினேன். காலாவதியானா மெஷினுக்குக் கோபம் வரும்."

படம் வந்தது. பாலாடைபோல வழுவழுவென்று இருந்தது. புள்ளியைக் காணோம்.

உடை மாற்றிக்கொண்டு வந்த லிஹுவா திரையை எட்டிப் பார்த்தாள். "எங்கடி அது?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா இல்லன்னுதானே அர்த்தம்? பச்சைப் பாக்கெட்டுக்கு ஒரு கும்பிடு. எதிர்க்கடையில மீன் உருண்டை சூப் சொல்லி வைக்கிறேன், சீக்கிரம் வந்து சேரு."

அக்கா இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. வான்ரோங்கோ திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போன மாதம் பெரிய டாக்டர்கள் முன்னால் படம் காட்டியபோது, மணல் தெரிகிறது என்று முகம் சுளித்தார்கள். போனில் முகத்துச் சுருக்கத்தையெல்லாம் மெழுகி அழகாக்கிப் படம் எடுத்துப் பழகியவர்கள்தானே. அவளும் புரோகிராமில் வழுவழுப்பை உச்சத்துக்கு ஏற்றிக் காட்டிக் கைத்தட்டல் வாங்கினாள். அதைத் திரும்ப இறக்கவே இல்லை.

"சீஹோங், அக்காவோட மூலப் பதிவு மெஷின்ல இருக்கா?"

"இருக்கு மேடம். வெளிய கம்பெனி ஆளுங்க செக்கப்புக்கு வரிசை கட்டி நிக்கிறாங்க. இடம் பத்தல, அழிக்கத்தான் போறேன்."

"கைய எடு. அவங்க நிக்கட்டும்."

வழுவழுப்பை அடிமட்டத்துக்கு இறக்கி, அதே பதிவிலிருந்து படத்தை மறுபடி உருவாக்கச் சொன்னாள். கதவு வரை நடந்தாள், திரும்பினாள், நகத்தைக் கடித்தாள். வரிசையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

இந்த முறை படத்தில் மணல் இருந்தது. மணலுக்குள் புள்ளியும் இருந்தது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வளர்ந்திருந்தது.

மெஷின் சொன்ன பேச்சைத்தான் கேட்டிருந்தது. மணலைத் துடைக்கச் சொன்னாள், புள்ளியையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. வான்ரோங்குக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. இரண்டு படங்களையும் நடந்ததையும் டாக்டருக்கு அனுப்பிவிட்டு, எதிர்க்கடைக்குப் போனாள்.

"சூப் ஆறுது பாரு" என்றாள் லிஹுவா.

"அக்கா, அது இருக்கு. கொஞ்சம் வளர்ந்திருக்கு. நான் எழுதின புரோகிராம்தான் படத்த வழுவழுன்னு ஆக்கி அத மறைச்சிருச்சு."

லிஹுவா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"திரும்ப மெஷின்ல படுக்கணுமா?"

"வேண்டாம். முதல்ல எடுத்ததுலயே தெரிஞ்சிருச்சு."

"அந்தக் கொஞ்சூண்டு கதிர்லயா?"

"ஆமாக்கா."

லிஹுவா ஒரு மீன் உருண்டையை எடுத்துத் தங்கையின் கிண்ணத்தில் போட்டாள்.

"இனிமேலும் அந்த அளவுலயே எடு, வர்றேன். ஆனா என்னை அழகாக்காத."