வால்காரனுக்குப் போட்ட பாதை

முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணத் தொடங்கிய வருஷமே, ஓநாய் வேட்டையை விட்டுவிட்டதாகக் கவ்ரில் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். யாரும் நம்பவில்லை. வேட்டைத்துறை அலுவலகத்துக்காரர்கள் வருஷா வருஷம் வந்து, தேநீர் குடித்து, "ஓநாய் பெருகிப்போச்சு, குறைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பாதி ஆயுசாக அவரும் குறைத்துக்கொண்டுதான் இருந்தார். ஓநாய் குறைந்தபாடில்லை. குறைந்ததெல்லாம் அவருடைய பல்லும் தலைமுடியும்தான். இந்தக் குளிர்காலம் தொடங்கியதும் பொறிகளைக் கொட்டகைக் கூரையில் தூக்கிப் போட்டுவிட்டு, இனி அடுப்பை விட்டு நகர்வதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது. மச்சினி மாவ்ரா போன் செய்தாள்.

"அத்தான், வால்காரன் மறுபடி வந்துட்டான்."

யானா ஆற்றுப் பக்கம் ஓநாயை யாரும் பேர் சொல்லிப் பேசமாட்டார்கள். பேர் சொன்னால் அதன் காதில் விழுந்துவிடுமாம்.

"வந்தா வரட்டும். நான் என்ன அவனுக்கு மாமனா மச்சானா, வாசல்ல நின்னு வரவேற்க?"

"வெளையாடாதீங்க. குதிரைங்கள்ல ரெண்டு குட்டியும் செனையா இருந்த ஒண்ணும் போச்சு. சூர் தோள்ல கடி வாங்கியிருக்கான். அவனும் போயிட்டா மந்தை செதறிடும் அத்தான். பெறகு நான் எதை நம்பி இங்க உக்காந்திருக்கிறது?"

சூர் அவளுடைய மந்தையின் பொலிக்குதிரை. சாம்பல் நிறம், மயிர் அடர்ந்த கழுத்து, யாரையும் மதிக்காத பார்வை. குளிர்காலம் முழுக்கப் பனிக்காட்டில் தானே மேய்ந்து திரியும் பெண்குதிரைகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிக்காப்பது அது ஒன்றுதான். மாவ்ராவின் புருஷன் ஸ்தெபான் போன வருஷம் ஆற்றுப் பனி உடைந்து உள்ளே போனவன், திரும்பவில்லை. மகன் யாகூட்ஸ்க் நகரத்தில் இருந்துகொண்டு, எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஐந்தாவது மாடிக்கு வந்து என்னோடு இரு என்று அவள் உயிரை வாங்குகிறான். மந்தை இருக்கிற வரைக்கும்தான் வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு காரணம் உண்டு.

கவ்ரிலின் மனைவி தார்யா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "என் தங்கச்சிக்கு வேற யாரு இருக்கா? போயிட்டு வாங்க. முழங்காலுக்குக் கரடிக் கொழுப்பு எடுத்து வைக்கிறேன்" என்றாள். கவ்ரில் முனகிக்கொண்டே பொறிகளை இறக்கக் கொட்டகைக் கூரையில் ஏறினார்.

மாவ்ராவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இடுப்புக்குக் கீழே உடம்பு இருக்கிறதா என்றே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் பாலூற்றிய தேநீரும் அப்பமும் உறைந்த மீன் சீவலும் வைத்தாள். முதல் துண்டு அப்பத்தைக் காட்டுத் தெய்வமான பயனாய்க்கென்று அடுப்பு நெருப்பில் போட்டார். நல்ல வேட்டை கொடு என்று கேட்பது வழக்கம். அன்றைக்குச் சீக்கிரம் முடித்துக் கொடு என்று மட்டும் கேட்டார்.

சாப்பிட்ட கையோடு சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு, மந்தை மேயும் பள்ளத்தாக்குப் பக்கம் போய்ப் பார்த்தார். கொஞ்ச தூரத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. சுற்றிலும் தொடையளவு பனி, சலித்த மாவு போல. அதில் இறங்கினால் ஓநாய்க்கு வயிறு வரை புதையும். குதிரையைத் துரத்துவதெல்லாம் நடக்காத காரியம். ஆனால் நடுவே மாவ்ராவின் மோட்டார் பனிவண்டி போய்ப் போய் இறுகிப்போன தடம் ஒன்று பள்ளத்தாக்கு வரைக்கும் நீண்டு கிடந்தது. ஒன்றின் காலடியிலேயே இன்னொன்று கால் வைத்து, ஓநாய்கள் வரிசையாக அதன்மேல் சௌகரியமாக நடந்து போயிருந்தன.

திரும்பி வந்ததும் வராததுமாகக் கேட்டார். "நீ எத்தனை நாளைக்கு ஒருக்க அங்க போற?"

"தெனமும்."

"தெனமுமா? குளிர்காலக் குதிரைக்கு ஆயா வேலையா பாக்குற? அதுங்க பனியைத் தோண்டிப் புல்லு தின்னுக்காதா? ஸ்தெபான் மாசத்துக்கு ஒருக்க எட்டிப் பாத்தாலே பெரிசு."

"அவரு இருந்தப்ப வீட்ல பேச்சுச் சத்தம் இருந்துச்சு. இப்ப சும்மா போயி பாத்துட்டு வருவேன். அவ்வளவுதான்."

"நீ சும்மா போகல மாவ்ரா. வால்காரனுக்கு ரோடு போட்டுக் குடுத்திருக்க."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். அறை வாங்கியவள் போல நின்றாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று அவருக்குப் பட்டது. பழைய கவ்ரிலாக இருந்தால் எதிரே உட்கார்ந்து கிண்டிக் கிளறிக் கேட்டிருப்பார். கால் வலியில் அதற்கெல்லாம் தெம்பில்லை. கதவோரம் ஓட்ஸ் மூட்டை ஒன்று வாய் திறந்து கிடந்தது. மாட்டுக்காக இருக்கும் என்று நினைத்தபடி கொழுப்பைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் பொறிகளை லார்ச் மரப்பட்டையோடு கொதிக்கவைத்து இரும்பு வாடையைப் போக்கினார். மனுச வாடை ஒட்டாமலிருக்க, வைக்கோலுக்குள் வைத்திருந்த கையுறையை மாட்டிக்கொண்டார். புகையிலையைத் தொடவில்லை. தடம் வளைந்து பள்ளத்தாக்குக்குள் இறங்கும் இடத்தில் மண்டியிட்டு வேலையைத் தொடங்கினார். பனியைத் தோண்டி மேயும் குதிரை மேய்ச்சலை விட்டுத் தடத்துக்கு வராது என்பது அவர் கணக்கு. ஓநாயின் காலடியை மேலே தொடக்கூடாது. பக்கவாட்டிலிருந்து மரத்தகட்டால் குடைந்து, காலடிக்கு அடியில் பொறியை நுழைக்க வேண்டும். மேலே காலடி கலையாமல் அப்படியே இருக்க வேண்டும். தான் முன்பு மிதித்த இடத்திலேயே ஓநாய் திரும்ப மிதிக்கும். தன் காலடியையே நம்பமுடியாத நிலைமைக்கு ஒரு பிராணியைக் கொண்டுவந்து விடுகிறோமே என்று ஒரு காலத்தில் அவருக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அலுப்பாக இருந்தது. ஒவ்வொரு பொறியின் சங்கிலியையும் ஒரு மரக்கட்டையில் கட்டிப் பனிக்குள் மறைத்தார். எழுந்திருக்க ஒவ்வொரு முறையும் ஒரு மரத்தைப் பிடிக்கவேண்டி வந்தது.

"நான் சொல்ற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாது. அந்தப் பக்கம் மனுச வாடையே ஆகாது" என்றார் மாவ்ராவிடம்.

அதன்பிறகு காத்திருப்பு. மாவ்ரா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

"இன்னிக்காச்சும் போலாமா அத்தான்?"

"உக்காரு. உன் குதிரைங்க ஒண்ணும் பள்ளிக்கூடம் விட்டு வர்ற புள்ளைங்க இல்ல."

"அதுங்களுக்கு நேரம் தெரியும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். கவ்ரில் கண்ணை மூடிக்கொண்டார். என்ன நேரம் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் வளைவுக்கு மேலே அண்டங்காக்கைகள் சுற்றுவது தெரிந்தது. இருவரும் பனிவண்டியில் கிளம்பி, வளைவுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு நடந்தார்கள். முதல் பொறியில் ஒரு பெண் ஓநாய் இருந்தது. உறுமவில்லை, பாயவில்லை. முகமெல்லாம் நரைத்து, பல் தேய்ந்துபோன கிழடு. இவ்வளவுதானா என்பது போல அவரைப் பார்த்தது. கவ்ரிலுக்கு அதன்மேல் பாவமாக இருந்தது. அதோடு, இன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஆறுதலாகவும் இருந்தது. ஒரே குண்டில் முடித்தார்.

அப்போதுதான் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டது. குதிரை கனைப்பு என்று சொல்லமுடியாது. மாவ்ரா அவரைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

"ஓரமா போ! தடத்தில கால் வைக்காதே!" என்று கத்திக்கொண்டே அவரும் நொண்டி ஓடினார்.

சூர் இரண்டு லார்ச் மரங்களுக்கு நடுவே விழுந்து கிடந்தது. பொறியோடு கட்டியிருந்த கட்டை மரங்களுக்குக் குறுக்கே சிக்கியிருந்தது. இழுத்து இழுத்து முன்னங்கால் எலும்பு முறிந்து, குளம்புக்கு மேலே விறைத்துக் கல்லாகிவிட்டது. மூச்சு உறைந்து முகமெல்லாம் வெள்ளை. மாவ்ராவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை. மூக்கை அவள் கோட்டுப் பைக்குள் நுழைத்துத் தேடியது.

கவ்ரில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன தேடுறான் மாவ்ரா?"

அவள் பையிலிருந்து ஒரு பிடி ஓட்ஸை எடுத்து நீட்டினாள். பாதி கீழே கொட்டியது. "தெனமும் கொண்டாருவேன் அத்தான். வண்டிச் சத்தம் கேட்டா எல்லாம் ஓடிவரும். இத்தனை நாளா காணோமேன்னு தேடி வந்திருக்கான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்லச் சொல்றீங்க? ஸ்தெபானோட மந்தையை அவன் பொண்டாட்டி கோழி மாதிரி தீனி போட்டு வளக்குறாளாம்னு ஊரே சிரிக்கும். பனியைத் தோண்டாத குதிரை குதிரையே இல்லைனு நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க?"

சொல்லியிருக்கிறார். குடித்த நேரத்திலும் குடிக்காத நேரத்திலும் சொல்லியிருக்கிறார். ஓட்ஸ் மூட்டையைப் பார்த்திருந்தார், அவள் முகத்தைப் பார்த்திருந்தார், அந்த அரைப் பேச்சையும் கேட்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கால் வலிக்கிறது என்று படுத்துக்கொண்ட கிழவனுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும் என்று தோன்றியது.

"காலைக் காப்பாத்த முடியாதா அத்தான்?"

"முடியாதும்மா."

அவள் குதிரையின் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, ஸ்தெபானிடம் பேசுகிற குரலில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கவ்ரில் சுட்டார். பிறகு உடலை இழுத்துப்போக மாவ்ரா வண்டியைக் கொண்டுவந்தாள். அந்தச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது.

தூரத்தில் மரங்களுக்கு நடுவே முதலில் ஒன்று தெரிந்தது. அப்புறம் வரிசையாக எல்லாம். பெண்குதிரைகளும் மிச்சமிருந்த குட்டிகளும் காதை நிமிர்த்திக்கொண்டு, வண்டிச் சத்தத்தைக் கேட்டுத் தடத்தின் மேல் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கும் இவர்களுக்கும் நடுவில் இன்னும் வாய் மூடாத பொறிகள் கிடந்தன.

"வண்டியை நிறுத்து!"

நிறுத்தினாள். அவை நிற்கவில்லை. அவை வந்து சேர்வதற்குள் ஓடிப்போய்ப் பொறிகளை எடுக்க அவர் கால் இடம் கொடுக்காது.

"போங்க! திரும்பிப் போங்கடி!" என்று மாவ்ரா கையை வீசிக் கத்தினாள். தெரிந்த குரலாயிற்றே, இன்னும் வேகமாக வந்தன.

கவ்ரில் துப்பாக்கியைத் தூக்கி, வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட்டார். முன்னால் வந்த கிழட்டுக் குதிரை ஒரு கணம் தயங்கிவிட்டு, மாவ்ராவை நோக்கி மறுபடியும் நடந்து வந்தது. அந்த நாட்டுக் குதிரைக்கு வேட்டுச் சத்தம் புதிதல்ல. அவர் துப்பாக்கியை அவளிடம் நீட்டினார்.

"நான் சுட்டா பிரயோஜனமில்ல. நீ சுடணும். உன்னைக் கண்டு பயப்படணும். சூர் இல்லாத மந்தை இனிமே எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தடத்துக்கு வரும். பொறிக்குத் தப்பினா வால்காரன் வாயில விழும்."

"என்னால முடியாது அத்தான்."

"அப்ப எல்லாத்தையும் இங்கயே கொன்னுட்டுப் போவோம். ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் வாங்கினாள். வண்டியை முடுக்கி, பொறி இல்லாத பக்கம் வளைத்து, நேராக மந்தையைப் பார்த்து ஓட்டினாள். ஒரு குட்டி சந்தோஷமாக அவளை நோக்கித் துள்ளி வந்தது. அதன் காலடிப் பனியில் சுட்டாள். பிறகு இன்னொரு தடவை சுட்டாள். கேட்கக் கூசும் வார்த்தைகளைக் கத்திக்கொண்டே, கிழட்டுக் குதிரையின் முதுகில் துப்பாக்கிக் கட்டையால் ஓங்கி அடித்தாள். அது விலகி நின்று, நம்பமுடியாமல் அவளைப் பார்த்தது. திரும்பவும் அடித்தாள். அதன்பிறகு ஓடியது. எல்லாம் அதன் பின்னால் பனியைக் கிளப்பிக்கொண்டு ஓடின.

மாவ்ரா திரும்பி வந்தாள். முகத்தில் வழிந்தது அப்படியே உறைந்திருந்தது.

"போயிருச்சுங்க" என்றாள்.

"ஒரு நாள்ல மறக்காதும்மா. நாளைக்கும் வரும்."

"பெறகு?"

"நாளைக்கும் இதையே செய்யணும். நான் பொறியெல்லாம் எடுத்துடுறேன். ஆனா இதை நீதான் செய்யணும்."

"எத்தனை நாளைக்கு அத்தான்?"

"உன் சத்தம் கேட்டதும் ஓடுற வரைக்கும்."

அவள் கோட்டுப் பையைப் புரட்டி, மிச்சமிருந்த ஓட்ஸைப் பனியில் கொட்டினாள். அப்புறம் அவரிடம் கை நீட்டித் தோட்டா கேட்டாள்.