சாமான் அறையில் ஒரு சக்கரம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஆரியசாலையில், ஒரு டயர் கடை வாசலில். நான் போனது மல்லி வாங்க. மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர் ஒரு ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார், உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் இரண்டு ஆண் குரல்கள். ஒன்று வயதானது.

“காலம்பற எடுக்கறச்சே லைட் இல்லை.”

“போகப் போக வருதா சார்?”

“அவ அப்படித்தான் சொல்றா.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கதை எனக்கு எப்போதுமே இப்படித்தான் வரும். முதலில் பேச்சு வந்துவிடும். பேசுகிறவர்களுக்கு முகமும் வீடும் பிறகுதான் தேடித் தரவேண்டும். மூன்றாவது வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரே காரில், ஒரே டாஷ்போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து போகிற புருஷன், லைட் வருகிறது என்று தானே சொல்லாமல், ‘அவ சொல்றா’ என்று ஏன் சொல்கிறார்?

மழை விட்டது. மல்லி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

தொடக்கம் மூன்று தடவை எழுதினேன்.

ஒன்று: ‘ஸ்ரீவராகம் தெருவின் மேல் அன்று கருமேகங்கள் திரண்டு’ (வேண்டாம். யாரும் மேகத்தைப் பற்றிப் பேசவில்லை.)

இரண்டு: ‘டயருக்குள் இருக்கும் காற்றை அளந்து சொல்லும் சென்சார் என்பது’ (இது கட்டுரை. ஆனால் விஷயம் தெரியாவிட்டால் கதை புரியாது. அடிக்குறிப்பில் தள்ளிவிட்டேன்.*)

மூன்று: பெயர்களிலிருந்து தொடங்குவது. கிழவருக்குப் பட்டாபி என்று பெயர் வைத்தேன். மின்சார போர்டில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி விஜயம். மகன் நவநீத் லண்டனிலிருந்து கப்பலில் ஒரு காரோடு திரும்பி வந்து, இங்கே மனசு ஒட்டாமல் காரை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரில்தான் நம் ஊர்க் கார்களில் அப்போது பார்க்க முடியாத அந்த லைட் இருந்தது: குதிரை லாடம் மாதிரி ஒரு வளையம், நடுவில் ஒரு ஆச்சரியக்குறி, மஞ்சள் நிறம்.

மூன்றாவதே இருக்கட்டும்.

* கட்டைவிரல் அளவு இருக்கும். டயருக்குள், காற்றடிக்கும் வால்வின் அடியில் திருகியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி எண். காற்று எவ்வளவு இருக்கிறது என்று ரேடியோவில் காருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எந்தெந்த எண்களைக் கேட்கவேண்டும் என்று காருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். கேட்கவேண்டிய குரல்களில் ஒன்று குறைந்தாலும் கார் லைட்டைப் போட்டுவிடும்.

3

தினமும் விடிந்ததும் பட்டாபி காரை எடுப்பார். விஜயம் பிளாஸ்கில் காபியோடு பக்கத்தில் உட்காருவாள். சங்குமுகம் போய், கடலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தி, காபி குடித்துவிட்டுத் திரும்புவார்கள். உப்புக் காற்று தினமும் பட்டதில் வால்வுகள் அரித்துப்போயின. ஒரு டயரில் காற்று கசிந்தது, லைட் வந்தது. இதுவரை மர்மம் ஒன்றும் இல்லை.

கடைக்காரன் பெயர் பிரதீஷ். பாறசாலைக்காரன். சில வருஷம் துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். நாலு வால்வும் அரித்திருப்பதைக் காட்டி, நாலையும் மாற்றிவிடுவதுதான் நல்லது என்றான். நவநீத் நாலு சென்சார்களைத் தபாலில் அனுப்பினான். டயர்களைக் கழற்றி, பழசை எடுத்து, புதுசைத் திருகி, காற்றடித்தாயிற்று. பிறகு டிவி ரிமோட் போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டு பிரதீஷ் காரைச் சுற்றினான். இடது முன் சக்கரத்தின் வால்வருகே அதை வைத்து அமுக்கினான். கார் ஒரு தடவை ஹாரன் அடித்தது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்புறம் வலது முன், வலது பின், இடது பின்.

“பிரதட்சிணமான்னா போறான்” என்றாள் விஜயம்.

“அப்பிரதட்சிணமா போனா கார் கேக்காது போல இருக்கு” என்றார் பட்டாபி.

லைட் அணைந்தது. இருவரும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார்கள். மறுநாள் காலை சங்குமுகம் கிளம்பியபோதும் லைட் இல்லை. வள்ளக்கடவு பாலம் தாண்டியதும் வந்தது.

அடுத்த நாள் காலையில் மறுபடியும் இல்லை. வள்ளக்கடவு தாண்டியதும் மறுபடியும் வந்தது.

பிரதீஷ் இன்னொரு தடவை சுற்றினான், இன்னொரு தடவை நாலு ஹாரன் கேட்டான். சென்சாரில் குறை என்றான், பிறகு அதைக் கேட்கிற காரின் பெட்டியில் குறை என்றான், கடைசியில் ‘வண்டிக்கு நம்ம ஊரு பிடிக்கல்லை போல’ என்றான்.

4

இங்கே எனக்கு விஜயத்தின் மேல் சந்தேகம் வந்தது.

முதல் பிரதியில் அவளைக் குறை சொல்லிக்கொண்டே இருக்கிற மனைவியாக எழுதியிருந்தேன். லைட் வந்தவுடன் ‘இதோ வந்துடுத்து, பாருங்கோ’ என்று ஒரு வெற்றிக் குரல். எழுதிவிட்டு உரக்கப் படித்துப் பார்த்தேன். அது விஜயத்தின் குரல் இல்லை. லைட் வரும்போது அவள் பேசுவதே இல்லை, வீடு திரும்பியதும்தான் சொல்வாள். அவர் கவனிக்கிறாரா என்று பார்ப்பாள், அவ்வளவுதான். அவர் கவனிப்பதில்லை.

அதற்குக் காரணம் இருக்கவேண்டும். தேடினேன், கிடைத்தது.

லைட் தகராறு தொடங்குவதற்குச் சில வாரம் முன்னால், சங்குமுகத்திலிருந்து திரும்பும்போது கிழக்கே கோட்டைப் பக்கம் காய்கறி வாங்கப் போனார்கள். அட்டக்குளங்கரையில் ஒரு பெண் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். கார் வேகம் குறையவில்லை. விஜயம் கையை நீட்டி ஸ்டியரிங்கைத் திருப்பினாள். கார் ஓரத்து மண்ணில் ஏறி நின்றது.

“என்னடீ பண்றே? நான் பார்த்துண்டுதானே இருந்தேன்.”

“நீங்க பார்க்கவே இல்லை.”

“பார்த்தேன்னு சொல்றேனே.”

குழந்தை போட்டிருந்த மஞ்சள் செருப்பு விஜயத்துக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இதை நவநீத்திடம் அவள் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கண் சரியில்லை என்று பிள்ளையிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் போன் பண்ணி, கார் எப்படி இருக்கிறது என்று கேட்டான். அவள் சொன்னது: “நீ அனுப்பினதை மாத்தினப்புறமும் அந்த லைட் எரியறதுடா.”

அவன் பயந்துவிட்டான். லைட்டைச் சரிபண்ணும்வரைக்கும் அப்பா ஓட்டக் கூடாது என்றான், அவர் கேட்கவில்லை. அப்படியென்றால் வரும் ஞாயிறுவரை பார்க்கலாம், அதற்குள் லைட் நிற்கவில்லையென்றால் சத்தியதாஸை முழுநேர டிரைவராக வைத்துக்கொண்டு சாவியை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றான். (சத்தியதாஸ் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் கூப்பிடுவார்கள். நல்லவன். ஓயாமல் பேசுவான்.) பட்டாபி ஒத்துக்கொண்டார். வண்டியில் கோளாறு என்றால் வண்டிதானே பதில் சொல்லவேண்டும் என்பது அவர் வாதம்.

ஆக, அட்டக்குளங்கரை சொல்லவேண்டியதை அந்த மஞ்சள் லைட் சொல்லிக்கொண்டிருந்தது. அதுவே சொல்லட்டும் என்று விஜயம் விட்டுவிட்டாள்.

(இந்த இடத்தில் வாசகர் சிலர் அவளைக் கோபித்துக்கொள்ளலாம். நானும் கோபித்துக்கொண்டேன். பிறகு அவளிடமே கேட்டேன், அவர் பின்சீட்டில் உட்கார்ந்தால் உனக்கு நிம்மதிதானே என்று. “ஆத்துல நாங்க என்னத்தைப் பேசிக்கறோம்? சாதம் போடவா, போறும், அவ்வளவுதான். கார்ல ஏறினாதான் அவர் வாயைத் திறப்பார். அந்தச் சத்தியதாஸ் முன்னாடி உக்காந்துண்டா அதுவும் போச்சு” என்றாள். அதை எழுதிவைத்துக்கொண்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.)

5

இனி லைட்டின் ரகசியம். துப்பறியும் கதை போல இதைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை.

மார்கழியில் தெருவில் சாஸ்தா ப்ரீதி, பூஜையும் ஊர்ச் சாப்பாடுமாக, நடந்தது. சமையலுக்குப் பெரிய உருளிகளை ஆரியசாலையிலிருந்து எடுத்து வரவேண்டும். லண்டன் காரின் டிக்கி ஆழமானது, ஆனால் அடியில் ஸ்டெப்னி கிடந்தது. அதைத் தூக்கி வெளியே வைத்தால் பெரிய உருளி சரியாக உட்கார்ந்தது. அதனால் ஸ்டெப்னியை வீட்டுச் சாமான் அறையில் கொண்டுபோய்ச் சாய்த்தார்கள். ப்ரீதி முடிந்தது, எல்லாரும் பாயசம் குடித்தார்கள், உருளிகள் திரும்பிப் போயின. ஸ்டெப்னி மட்டும் திரும்பிப் போகவில்லை. யாரோ அதன்மேல் சாக்கைப் போட்டு மூடினார்கள். சாக்கின்மேல் விஜயம் முறத்தை வைத்தாள்.

வால்வு அரித்து முதல் லைட் வந்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான். அதனால் யாருக்கும் ஸ்டெப்னி ஞாபகம் வரவில்லை. உருளிக்காக ஸ்டெப்னியைக் கழற்றி வைப்பார்கள் என்று லண்டன் காரைச் செய்தவர்களுக்கும் தோன்றியிருக்காது.

6

அந்த ஞாயிறு காலை. கடைசிப் பரீட்சை. பட்டாபி வீட்டுப் பக்கச் சந்தில், எப்போதும் நிறுத்துகிற இடத்தில், காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். விஜயம் பிளாஸ்கை மூடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

பிரதீஷ். துபாயில் தன்னோடு வேலை செய்தவனிடம் கேட்டானாம்.

“அம்மா, சார்ட்ட சொல்லணும். இந்த வண்டியில ஸ்டெப்னிக்குள்ளயும் ஒரு சென்சார் உண்டு. வண்டி அதையும் கேட்டுக்கிட்டு இருக்கு. டிக்கியில நான் பாக்கல்லை, ஸ்டெப்னி எங்க?”

“இருக்கு” என்றாள் விஜயம்.

“வண்டிக்குப் பக்கத்துல எங்கயாவது இருக்கா? அப்பம்தான் காலையில லைட் இருக்காது. ஓடாத சக்கரம் எப்பமாவதுதான் பேசும். ராத்திரி கேட்டதை வச்சு வண்டி கொஞ்ச தூரம் ஓடும், அப்பறம் தேடும். டிக்கியில எடுத்து வச்சா போதும், லைட் வராது.”

“செரி, நான் பார்த்துக்கறேன்.”

“சார்ட்ட சொல்லிருவீங்களா?”

அவள் போனை வைத்தாள். சாமான் அறைக்குப் போனாள். முறத்தை எடுத்தாள், சாக்கை விலக்கினாள். சக்கரம் சுவரோடு ஒட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் சந்து. எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: அவள் சத்தியதாஸைக் கூப்பிட்டுச் சக்கரத்தை டிக்கியில் வைக்கச் சொல்கிறாள். வள்ளக்கடவு தாண்டியும் லைட் வரவில்லை. பட்டாபி சிரிக்கிறார். கடல், காபி, பேச்சு. திரும்பும்போது அட்டக்குளங்கரை. (இங்கே பேனாவை வைத்துவிட்டேன்.)

இரண்டாவது: சாக்கை இழுத்து மூடிவிட்டுப் போய்க் காரில் ஏறுகிறாள். பாலம் தாண்டி லைட் வருகிறது. இந்தத் தடவை அவள் விரலால் காட்டுகிறாள். அவர் ஓரமாக நிறுத்தி, சாவியை எடுத்து அவள் மடியில் வைக்கிறார். மறுநாளிலிருந்து இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள், முன்னாலிருந்து சத்தியதாஸ் பேசிக்கொண்டே வருகிறான்.

மூன்றாவதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்: அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டியதுதானே, சக்கரத்தையும் அட்டக்குளங்கரையையும்? நானும் அதைத்தான் விரும்பினேன். சொல்ல வைத்தேன். பட்டாபி முழுக்கக் கேட்டார். பிறகு காரைச் சந்திலேயே பூட்டிவிட்டு உள்ளே வந்து பேப்பரைப் பிரித்தார். கண் டாக்டரிடமும் போகவில்லை, சத்தியதாஸையும் கூப்பிடவில்லை. கார் அங்கேயே நின்றது. இருவரும் சாதம் போடவா, போறும் என்று பேசிக்கொண்டார்கள். அவர் வேறு மாதிரி இருந்திருக்கலாமே என்பீர்கள். நான் கேட்ட பட்டாபி இவர்தான். ‘அவ அப்படித்தான் சொல்றா’ என்றவர்.

மூன்றையும் அடித்துவிட்டேன்.

நான் காதால் எழுதுகிறவள். இப்போது எனக்குக் கேட்பது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல் மட்டும்தான்.

“விஜயம், லைட் இல்லை. வந்து பாரேன்.”

கொஞ்சம் பொறுத்து:

“காபி ஆறிப் போயிடும். வரயா?”

அடுத்த வரி விஜயத்தினுடையது. எவ்வளவு கூர்ந்து கேட்டும் அவள் குரல் எனக்கு வரவில்லை. இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள், இப்போது அவள் பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். அவள் ஒரு கையில் பிளாஸ்க் இருக்கிறது, இன்னொரு கை சக்கரத்தின் மேல் இருக்கிறது. அவளுக்கு ஒரு பதிலைக் கொடுங்கள், சீக்கிரம் கொடுங்கள். அவர் எஞ்சினை அணைக்கவில்லை, வள்ளக்கடவும் ஒன்றும் தூரமில்லை.