சஹனில் என் பங்கு

அறுபத்திரண்டு வயது வரை சாப்பிட்டுச் சாப்பிட்டு நான் சாதிக்காததை, என் மகளின் வலீமா விருந்தில் ஒரே பகலில் சாப்பிடாமல் சாதித்துவிட்டேன். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. முன்பு ஓரிடத்தில் இருந்தால் எழும்ப முடியாமல் கிடந்தவன் நான். இப்போது இருக்கவே முடிவதில்லை.

அப்துல் கபூர் என்றால் காத்தான்குடியில் பலருக்குத் தெரியாது. கபூர் டிறைவர் என்றால் ஆற்றில் கிடக்கும் மீனுக்கும் தெரியும். மட்டக்களப்பு – கல்முனைப் பாதையில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். வளைவுகளில் ஸ்டியரிங்கைக் கையால் திருப்பியதாக எனக்கு நினைவேயில்லை, வயிறே பார்த்துக்கொண்டது. நான் இறங்கினால் பஸ் அரை அடி உயரும் என்பதால், செட்டிபாளையத்துப் பெண்கள் நான் தேநீர் குடிக்க இறங்குவதற்கு முன்பே முண்டியடித்து ஏறிவிடுவார்கள். அப்போதுதான் படி அவர்களுக்கு வாகாகப் பதிந்திருக்கும்.

என் பெயர் உண்மையில் பரவியது சஹனில்தான். ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது எங்கள் விருந்து வழக்கம். அந்தத் தட்டுத்தான் சஹன். நான் ஒரு சஹனில் இருந்தால் மற்ற ஐந்து பேரும் வீட்டுக்குப் போய்ப் பசியோடு பாணும் சம்பலும் கேட்பார்கள் என்று ஏறாவூர் தாண்டி ஓட்டமாவடி வரைக்கும் பேச்சு. பொய் இல்லை. சில நாட்களில் அவர்களுக்குச் சம்பலும் கிடைத்திருக்காது.

போன வருடம் முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. இரத்தத்தில் சீனி ஏறியது, இரவில் மூச்சு நின்று நின்று வந்தது. கொழும்பில் ஒரு டொக்டர் என் வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, உள்ளே இருந்த இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டியெடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு கதலி வாழைப்பழத்தின் அளவுக்குத் தைத்துவிட்டார். என் மனைவி றஸீனா நேர்ஸிடம் கேட்ட முதல் கேள்வி:

“வெட்டினத அடக்கம் பண்ணிட்டீங்களா, மகள்?”

முதல் நாட்களில் தண்ணீர்கூடச் சொட்டுச் சொட்டாகத்தான். பிறகு கஞ்சித் தெளிவு. பிறகு, மீனையும் பருப்பையும் மிக்ஸியில் அடித்து, கைக்குழந்தைக்குத் தீத்துவது போலச் சின்னக் கரண்டியில். மிக்ஸி சுழல்வதைப் பார்த்து நானும் அழுதேன், றஸீனாவும் அழுதாள். என் தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. காத்தான்குடி வெயிலில், கோழிகள் நிழல் தேடும் நேரத்தில், நான் போர்வை தேடினேன். கொழுப்பு என்னும் பெரிய கம்பளியைக் கழற்றிய உடம்பு குளிராமல் என்ன செய்யும்?

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் பெருநாள்தான். ஒருநாள் காலையில் குனிந்து பார்த்தேன், என் கால்விரல்கள் தெரிந்தன! பத்தும் சுகமாக இருந்தன, கொஞ்சம் வயதுபோயிருந்தன, அவ்வளவுதான். சப்பாத்துக் கயிற்றை நானே கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடியும் கட்டினேன். வாவிக்கரையில் நடக்கத் தொடங்கினேன். நான் நடந்த நடையில் கரை தேய்ந்து வாவி இரண்டு முழம் அகன்றுவிட்டது.

என் புதிய வயிற்றுக்கு இரண்டு குணங்கள் உண்டு. நிறைந்துவிட்டால் ஏப்பம் விடாது, தும்மல் போடும். தும்மல் வந்த பிறகு ஒரு பருக்கை உள்ளே போனாலும் கதை கந்தல். இரண்டாவது குணம், கூடுதலாக இனிப்புப் போனால் அது என்னைக் கீழே தள்ளிவிடும். வியர்த்து, நெஞ்சு அடித்து, உலகம் சுற்றும்.

இதெல்லாம் எங்கள் வீட்டுக்குள் மட்டும். வெளியே யார் கேட்டாலும் “நடக்கிறார், அதான் மெலிஞ்சிட்டார்” என்று சொல்லவேண்டும் என்பது றஸீனாவின் சட்டம். வயிற்றை வெட்டியது தெரிந்தால் பெரிய வருத்தம், தீராத நோய் என்று ஊர் கதைகட்டும், மகளுக்கு வந்த கலியாணம் குழம்பும் என்று அவளுக்குப் பயம்.

மகள் ஸுஹைனா எங்கள் ஊரில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். மாப்பிள்ளை அக்ரம் ஓட்டமாவடிப் பிள்ளை. அவனுடைய வாப்பா ஜிப்ரி ஹாஜியாருக்கு அங்கே பெரிய புடைவைக் கடை. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருக்கச் சம்மதித்தார்கள். இடித்தது ஒரே ஒரு விஷயம். படித்த மருமகள் தினமும் அக்ரமோடு வந்து தன் கடையின் காசு மேசையில் இருக்கவேண்டும், பாடசாலையை விட்டுவிடவேண்டும் என்பது ஹாஜியாரின் ஆசை. நான் கேட்டபோதெல்லாம் “மறுகா பாப்பம் மச்சான்” என்றார். எங்கள் பக்கத்தில் ‘மறுகா பாப்பம்’ என்று தள்ளிய விஷயத்தைப் பிறகு ஒருவரும் பார்ப்பதில்லை.

கலியாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வைக்கும் விருந்துதான் வலீமா. அன்று காலை ஸுஹைனா என் சேர்ட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

“வாப்பா, திங்கக்கிழமை தவணை தொடங்குது. நான் ஸ்கூலுக்குப் போறதா இல்லயா எண்டு இண்டைக்கு மாமாக்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. இவர் கேக்கமாட்டார்.”

அக்ரம் பக்கத்தில்தான் நின்றான். நல்ல பிள்ளை. ஆனால் தன் வாப்பாவுக்கு முன்னால் அவன் வாய்க்குப் பூட்டு.

ஓட்டமாவடி மண்டபத்தில் ஹாஜியார் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் நடுப்பாயில் இருத்தினார். ஒரே சஹனில் நான், அவர், அக்ரம், அவருடைய மூன்று தம்பிமார். வந்த சஹனைப் பார்த்தேன். அது தட்டு இல்லை, குடும்பிமலை! மற்றச் சஹன்களில் ஒரு கோழி, எங்கள் சஹனில் மூன்று.

“கபூர் டிறைவர் இருக்கிற சஹன். கொறஞ்சிடக்கூடா எண்டு நானே நிண்டு வைப்பிச்ச” என்றார் ஹாஜியார், நெஞ்சை நிமிர்த்தி.

பிஸ்மி சொல்லிக் கைவைத்தேன். ஒரு பிடி எடுத்தேன். அரிசி மாவாகும் வரை மென்றேன். இரண்டாவது பிடி. தம்பிமார் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பந்தயத்துக்கு வந்தவர்கள் போல. மூன்றாவது பிடியில் ஒரு கோழித் துண்டு. அது இறங்கியதும் மூக்கு அரித்தது. முகத்தைத் திருப்பிக் கைலேஞ்சியில் ஒரு தும்மல். நான் கையை எடுத்துவிட்டேன்.

சஹனில் ஒருவர் கையை எடுத்தால் மற்றவர்களுக்கு இறங்காது. ஐந்து கைகளும் அந்தரத்தில் நின்றன.

“என்ன மச்சான், கைய எடுத்திட்டீங்க?” என்றார் ஹாஜியார்.

“போதும் ஹாஜியார். நிறைஞ்சிட்டு.”

“நிறைஞ்சிட்டா? உங்களுக்கா?”

ஒரு தம்பி மற்றவரின் காதில் சொன்னது எனக்கே கேட்டது: “மனிசன்ட மனசில என்னமோ இரிக்கி.”

ஹாஜியாரின் முகம் வெளிறியது. சம்பந்தி விருந்தில் கைநனைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால், அது கோபத்துக்கு அடையாளம். அதுவும் கபூர் டிறைவர் சாப்பிடவில்லை என்றால் அது உலகப் போர்.

“நேத்து கலியாணத்துக்கு நாங்க நேரஞ்சென்டு வந்ததா?” என்றார் மெதுவாக.

“சே, அதொண்டுமில்ல.”

“எங்கட ஆக்கள் சொன்னதவிடக் கூட வந்திட்டாங்க. அதா?”

“வந்தா என்ன? சந்தோஷம்தானே.”

“புரியாணி சரியில்லயா? சமைச்சவன இப்ப கூப்புடவா?”

“தங்கமான புரியாணி ஹாஜியார்.”

அவர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, எனக்குள் ஒரு குறும்பன் கண்விழித்து எழுந்து உட்கார்ந்தான். இந்த மனிதர் என் கோபத்தைத் தேடுகிறார்! தேடட்டுமே. உள்ளே சிக்கிய காற்று நெஞ்சை அடைத்ததால் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டேன். சத்தியமாக அது காற்றுத்தான். ஆனால் ஹாஜியாருக்கு அது பெண்ணைப் பெற்றவனின் துக்கமாகக் கேட்டது.

“புள்ளட ஸ்கூல் வெசயமா?” என்றார்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சஹனைப் பார்த்தேன். தம்பிமார் ஹாஜியாரைப் பார்த்தார்கள். அக்ரம் மேலே மின்விசிறியைப் பார்த்தான்.

“சரி!” ஹாஜியார் தொடையில் அடித்தார். “புள்ள ஸ்கூலுக்குப் போகட்டும். என்ட தம்பிமாருக்கு முன்னால சொல்றன். போதுமா? இப்ப சாப்புடுங்க!”

அப்படியே துள்ளி மண்டபத்து முகட்டில் தலையிடித்திருப்பேன். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை என்னைப் பாயோடு ஒட்டிவைத்தது. இப்ப சாப்புடுங்க. சாப்பிட்டால்தானே கோபம் தீர்ந்ததாக அர்த்தம்?

“சோறு வேணாமெண்டா இனிப்பாவது” என்று அவர் வட்டிலப்பக் கோப்பையை இழுத்து, ஒரு கரண்டி அள்ளித் தன் கையாலேயே என் வாய்க்கு நேரே நீட்டினார். கித்துல் கருப்பட்டியும் ஏலமும் தேங்காய்ப் பாலும் மணத்தன. வாயை மூடினால் மகளின் வேலை போகும். திறந்தால் நான் போவேன். மகளுக்காகத்தான் திறந்தேன். வாசத்துக்காகவும் கொஞ்சம் திறந்திருப்பேன். அல்லாஹ் அறிவான்.

அதோடு விட்டார்களா? “எங்கட கையாலயும் ஒரு வாய்!” என்று தம்பிமார் மூவரும் ஆளுக்கொரு கரண்டி.

கைகழுவ எழும்பினேன். மண்டபம் கல்முனைப் பக்கம் திரும்பியது, நான் மட்டக்களப்புப் பக்கம் திரும்பினேன். வியர்வை வெள்ளமாக ஓடியது. நெஞ்சு பழைய பஸ் எஞ்சின் போல உதறியது. பாயில் சரிந்தேன்.

“நெஞ்சு வருத்தம்! வேன எடுங்கடா!” என்று ஹாஜியார் கத்தினார். ஒருவர் சோடாப் போத்தலை உடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

பெண்கள் பக்கத்துத் திரை விலகியது. கலியாண உடுப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸுஹைனா வந்தாள்.

“அந்தச் சோடாவக் கீழ வெய்யுங்க! எல்லாரும் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்! வாப்பா, அப்பிடியே படுங்க. என்ன குடுத்த இவருக்கு?”

“வட்டிலப்பம்…” என்றார் மூத்த தம்பி, வீட்டுக்கணக்குச் செய்யாத பையன் போல.

“எவ்வளவு?”

“நாலு கரண்டி.”

“நாலா? வாப்பாட வயித்துல முக்காவாசிய ஒப்பரேசன் பண்ணி எடுத்தாச்சி! நோயொண்டுமில்ல, உடம்பக் கொறைக்கத்தான். கொஞ்ச நேரம் படுத்தாச் சரியாகும்.”

புரியாணி ஆறும் சத்தம் கேட்கும் அளவுக்கு மண்டபம் அமைதியானது. திரைக்கு அந்தப் பக்கம் றஸீனா தலையில் அடித்துக்கொண்ட சத்தமும் கேட்டது.

ஹாஜியார் என் பக்கத்தில் குந்தினார். “அப்ப உங்களுக்குக் கோவமில்லயா?”

“உங்களோட எனக்கென்ன கோவம் ஹாஜியார்? வயிறு நிறைஞ்சிட்டு. அதத்தானே முதலே சொன்ன.”

“அப்ப நான் குடுத்த வாக்கு?”

“என்ன வாக்கு மாமா?” என்றாள் ஸுஹைனா.

பூட்டியிருந்த வாய் ஒன்று அப்போது திறந்தது. “நீங்க ஸ்கூலுக்குப் போலாமெண்டு வாப்பா சொன்னார்” என்றான் அக்ரம். “சாச்சாமாரும் கேட்டவங்க.”

“அது இவர் கோவமெண்டு நெனச்சிச் சொன்ன!” ஹாஜியார் துள்ளினார். “என்ட காசு மேசைக்கு ஆரு? அக்ரமுக்குப் புடைவை வெட்டவே நேரமில்ல. வெளி ஆள நம்பி இருத்தேலுமா? எங்கட ஆளெண்டு ஒராள் வேணாமா?”

ஸுஹைனாவின் முகம் வாடியதைக் கீழே கிடந்தபடி பார்த்தேன். உலகம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தச் சுற்றுக்குள்ளேயே எனக்கு வழி தெரிந்தது. ஒரு விரலைத் தூக்கினேன்.

“நான் இருக்கன்.”

“நீங்களா?”

“சம்பந்தி எங்கட ஆளில்லயா? பென்சன் எடுத்தவன், சும்மா இருக்கேலாம வாவிக்கரையில நடக்கிறன். நாய்களுக்கே என்னைப் பாத்து அலுத்துப்போச்சி. காலை பஸ்ஸில வாறன், பின்னேரம் போறன்.”

“வட்டிலப்பத்துக்கு விழுற மனிசன் கடையில நிமிந்து இருப்பாரா?”

“இனிப்புக் குடுக்காட்டி இருப்பார் மாமா” என்றாள் ஸுஹைனா. “வாப்பாட இப்பத்த உசாருக்கு உங்கட கடை காணாது.”

ஹாஜியார் தாடியைத் தடவினார். வியாபாரி அல்லவா? “சம்பளம் என்ன கேப்பீங்க மச்சான்?”

“பகல் சாப்பாடு தந்தாப் போதும்.”

மூத்த தம்பி சிரிப்பில் வெடித்தார், அடுத்தவர் வெடித்தார், கடைசியில் ஹாஜியார் என் தோளில் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு வருடத்துக்கு முன் அந்தச் சம்பளத்தைக் கேட்டிருந்தால் அவர் கடையை விற்றிருக்கவேண்டும்.

“திங்கக்கிழமை வாங்க” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “புள்ளயும் திங்கக்கிழமை போகட்டும்.”

திரைக்குப் பின்னாலிருந்து றஸீனா கேட்டாள்: “அப்ப ஊட்டுல நான் ஆரோட சண்டை புடிக்கிற?”

அந்தத் திங்கட்கிழமை ஓட்டமாவடிக் கடையின் காசு மேசைக்குப் பின்னால் நான் ராஜாவாக இருந்தேன். மீதியைக் கொடுக்கும்போது எல்லோருக்கும் ஒரு கதையும் சேர்த்துக் கொடுத்தேன். முதல் கதை முடிவதற்குள் வரிசை வாசலைத் தாண்டியது. பாடசாலை இடைவேளை நேரத்தில் தொலைபேசி அடித்தது. ஸுஹைனா.

“வாப்பா, மீன் சாப்பிட்டீங்களா? மென்டு சாப்பிட்டீங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் ஹாஜியார் தொலைபேசியைப் பறித்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் பாடசாலை முழுவதும் கூவிக்கொண்டிருந்தது. ஓட்டம், சிரிப்பு, யாரோ ஒரு பிள்ளை ‘டீச்சர், டீச்சர்’ என்று இழுக்கும் குரல். ஹாஜியார் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். தாடிக்குள் சிரிப்பு வந்தது.

“அந்தப் புள்ளைக்கு என்னெண்டு பாருங்க மகள்” என்றார். “இங்க ஒரு கொறையுமில்ல. உங்கட வாப்பா கதைச்சிக் கதைச்சி என்ட யாவாரத்த முடிக்கிறார், அவ்வளவுதான்!”