எழுந்தேற்ற மணி

முதலில் ஒரு முதுகு.

பொன்நூலில் சிலுவை தைத்த முதுகு. கடலிலிருந்து புறப்பட்ட வெளிச்சம் வாசல் வழியே நுழைந்து, தரையில் தவழ்ந்து, பீடத்துக்கு முன்னுள்ள கிராதியைத் தாண்டி, கடைசியில் அந்த முதுகில் ஏறி நிற்கும். அப்போது எழுந்தேற்றம், சாமியார் அப்பத்தைத் தலைக்குமேல் உயர்த்தும் நேரம். அப்போது மணி.

இஞ்ஞாசிக்குப் பூசை என்றால் அதுதான். ஒரு முதுகு, ஒரு வெளிச்சம், ஒரு கயிறு.

முப்பத்தோரு வருடமாக அந்தக் கயிறு அவர் கையில். கோயிலில் மணியடிக்கிறவரை அந்தக் கரையில் மெலிஞ்சியார் என்பார்கள். நான்கு சாமியார்கள் வந்து போனார்கள். ஒருவர் முகமும் அவருக்குச் சரியாக நினைவில்லை. முதுகுகள் நினைவிருந்தன. ஒன்று கூனல். ஒன்று மார்கழியிலும் வியர்க்கும். கடைசியாக இருந்த பெரிய சாமியாரின் முதுகு, அப்பத்தை உயர்த்தும்போது லேசாக நடுங்கும்.

எதைக் கண்டு நடுங்கினார் என்று இஞ்ஞாசி கேட்டதில்லை. கேட்கிற விஷயமா அது.

கோயில் வாசல் கிழக்கே. வாசலை விட்டு இறங்கினால் மணல், மணலை விட்டால் கடல். பீடம் மேற்கே. ஊரும் சாமியாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பார்கள். எல்லோர் முதுகுக்கும் பின்னால் கடல். வாசலோரம் மணிக்கயிறு.

அப்பத்துக்கு மூன்று அடி. கிண்ணத்துக்கு மூன்று அடி. கோயிலுக்குள் தலைகள் குனியும். கடலிலும் குனியும். விடியலில் கரை திரும்பும் கட்டுமரக்காரர்கள் துடுப்பை நிறுத்தி, தலைத்துணியை அவிழ்த்து, நெற்றியில் சிலுவை போட்டு, மணி வந்த திசைக்கு மரத்தைத் திருப்புவார்கள்.

கரைக்கு முன்னால் இரண்டு பாறைகள். நீருக்கு மேல் தலை காட்டாத பாறைகள். நடுவே ஒரு மரம் நுழையும் வழி. தெளிந்த நாளில் அதைக் கண் காட்டும். வெண்பனி இறங்கும் மூடல் நாளில் மணி காட்டும்.

பூசைக்கு அழைக்கும் முதல் மணி அவர்களுக்கு எட்டாது. அந்நேரம் மரங்கள் வெகு தொலைவில் இருக்கும். எழுந்தேற்ற மணிதான், பாறைக்கு முன்னால் வந்து, ஆளின் காதைப் பிடித்துத் திருப்பும்.

பூசையை மாற்ற ரோமாபுரியில் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தது இந்தக் கரைக்கு வந்துசேர நாலைந்து வருடம் ஆயிற்று. தாமதமாக வந்தாலும் சரக்கு மொத்தமாக வந்தது.

கிராதியைப் பெயர்த்தார்கள். பீடத்தைச் சுவரிலிருந்து முன்னுக்கு இழுத்தார்கள். லத்தீன் போயிற்று. சர்வேசுரன் இறைவன் ஆனார். சேசு இயேசு ஆனார். முழந்தாளில் வாங்கிய நற்கருணையை வரிசையில் நின்று வாங்கச் சொன்னார்கள், சீமெண்ணெய்க்கு நிற்பதுபோல.

புதிதாக வந்த ரெமிஜியூஸ் சாமியார் பீடத்துக்குப் பின்னால் போய் நின்றார். ஊரைப் பார்த்தார். சிரித்தார்.

இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டார். பூசையில் ஒரு முகம். பார்க்கக்கூடாத எதையோ பார்த்துவிட்டதுபோல் இருந்தது.

அன்றைக்கே போய்ச் சொன்னார். “சாமி, மொகத்தப் பாத்துப் பேசுறது கடக்காரன் வேல. அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் ஒருத்தன், நடுவுல சரக்கு. சர்வேசுரன் சந்நிதியில நாம எல்லாரும் ஒரே பக்கம் நிக்கிற ஆளுவல்லா?”

சாமியார் கோபப்படவில்லை. “முப்பது வருசமா முதுகையே பாத்துட்டீரு மெலிஞ்சியாரே. என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?”

கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரிக்கிற ஆளிடம் எப்படி மல்லுக்கு நிற்பது.

அந்தச் சூட்டோடு இஞ்ஞாசி கடற்கரைக்குப் போனார். மீன் ஏலம் முடிந்து வியாபாரிகள் கூடையைத் தூக்கும் நேரம். இனி எழுந்தேற்றத்துக்கு மணி கிடையாது என்றார். மறைத்துச் செய்தபோது மணி வேண்டியிருந்தது, இப்போதுதான் எல்லாவற்றையும் விரித்துக் காட்டுகிறார்களே, பிறகு மணி எதற்கு என்றார்.

“மெலிஞ்சியாரு கடையடைப்பாம்வே” என்றான் ஒருவன். நாளைக்கே திறந்துவிடும் என்றான் இன்னொருவன். சிரிப்பு பரவியது.

அந்தச் சிரிப்புதான்.

“ஏம் மக்க ரெண்டு பேரு தலமேல ஆணை. திருப்பிப் போட்ட பூசையில எழுந்தேத்தத்துக்கு இந்தக் கை மணியடிக்காது.”

சிரிப்பு நின்றது. எதற்கும் விலை சொல்லும் கரை அது. நல்ல மீனைக் கெட்ட மீன் என்றும் கெட்ட மீனை இப்போது பிடித்தது என்றும் கர்த்தர் பேரில் சத்தியம் செய்வார்கள். பிள்ளைகளை மட்டும் யாரும் தராசில் வைக்கமாட்டார்கள்.

பத்தடி தூரத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள் அவருடைய மகன்கள். இளையவன் தொபியாஸ் தலையைத் தடவிக்காட்டிச் சிரித்தான். மூத்தவன் கஸ்மீர் சிரிக்கவில்லை.

மறுநாள் எழுந்தேற்றத்தில் சாமியார் அப்பத்தை உயர்த்தினார். உயர்த்தியபடி காத்திருந்தார். இஞ்ஞாசி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். மெலிஞ்சியின் கயிற்றை இன்னொரு கை தொடுவது அந்த ஊரில் வழக்கமில்லை. சாமியார் மெல்லக் கைகளை இறக்கினார்.

பூசை முடிந்து சொன்னார். “கயிறு உம்ம கையில. நீரு அடிக்கிற வரைக்கும் தினம் காத்திருப்பேன்.”

எட்டு நாள் காத்திருந்தார். எட்டு நாளும் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. மரங்கள் மணியில்லாமல் வந்தன. பார்த்தீரா, ஒன்றும் குறையவில்லை என்றது ஊர். ஆமாம், ஒன்றும் குறையவில்லை என்றது கடல்.

ஒன்பதாம் நாள் வெளிச்சம் வரவில்லை.

முதல் மணி அடிக்கும்போது நட்சத்திரம் இருந்தது. வாசகம் படிக்கும்போது வாசல் வெளுத்தது. சுவிசேஷத்தின்போது அந்த வெளுப்பு உள்ளே வந்தது. வெளிச்சமல்ல. மூடல்.

தரையில் தவழ்ந்தது. பழைய கிராதியின் தடத்தைத் தாண்டியது. இஞ்ஞாசியின் கணுக்கால் குளிர்ந்தது.

மீன்பாடு இல்லையென்று மற்றவர்கள் இறங்கவில்லை; அன்று கடலில் ஒரே ஒரு மரம். கஸ்மீரும் தொபியாஸும்.

பெண்கள் பக்கத்தில் செலஸ்தீனா திரும்பிப் பார்த்தாள். அவர் மனைவி. பூசையில் அவள் திரும்பி அவர் கண்டதில்லை. முக்காட்டுக்குள் கண்கள் மட்டும். ஒருமுறை பார்த்தாள். இரண்டாம் முறை பார்த்தாள்.

அடித்தால் ஆணை முறியும். ஆணை அவர்கள் தலைமேல். அடிக்காவிட்டால் பாறை. அதுவும் அவர்கள் தலைமேல்.

அலைச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. எல்லாப் பக்கமும் கடல்.

சாமியார் அப்பத்தை உயர்த்தினார். காத்திருந்தார்.

பூசை நடுவே இஞ்ஞாசி முதன்முதலாக அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு இல்லை. அந்தக் கண்கள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, வாசலுக்கு வெளியே பார்த்தன. இத்தனை காலத்தில் பூசை நடுவே கடலைப் பார்த்த முதல் சாமியார் இவர்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

முகம் லேசாக நடுங்கியது.

“மணிய அடியும்” என்றாள் செலஸ்தீனா. கத்தவில்லை. கூரை வரைக்கும் கேட்டது. “ஆணைய நான் சொமந்துக்கிறேன். அடியும்.”

கயிறு ஈரமாக இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. கை நிற்கவில்லை. நான்கு. ஐந்து. கணக்கு விட்டுப்போயிற்று. சாமியார் அப்பத்தை இறக்கவில்லை. மணி அடிக்கிறவரை உயர்த்தியே பிடித்திருந்தார்.

பிறகு ஊர் திரும்பியது. ஒவ்வொருவராக, பீடத்துக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்துத் திரும்பியது. முப்பத்தோரு வருடமாக அவர் பின்தலைகளாக மட்டுமே அறிந்தவர்கள். இப்போது எல்லாம் முகங்கள். எல்லா முகங்களும் அவரைத் தாண்டி எதையோ பார்த்தன.

அவர் திரும்பவில்லை. திரும்பினால் கயிறு நழுவிவிடும் என்றிருந்தது. செலஸ்தீனாவின் முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அவள் முக்காடு நழுவியது. கண்கள் மூடலுக்குள் எதையோ பற்றின. உதடு அசைந்தது. மணிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் தெரிந்தது.

ஒண்ணு.

அவர் இரண்டாவதற்குக் காத்திருந்தார். உதடு மறுபடி அசையவில்லை.

இழுத்தார். விட்டார். இழுத்தார். மூடல் அவர் வெற்றுத் தோளில் குறுக்கே இறங்கியது. நடுமுதுகில் நேராக வழிந்தது.

மணலில் ஈரக் காலடி. ஒரே ஒருவனின் காலடி. மூடலை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறவனுக்கு முதலில் தெரிவது ஒரு முதுகு.

அது நடுங்குகிறது.