ஐந்து மணிப் பூட்டு

பெண்கள் விடுதிக் கூடத்துக்குள் ஐசோவா மாஸ்டர் வந்து நின்றபோது அவர் கையில் ஒரு புதுப் பூட்டு இருந்தது. லம்பாசா நகரக் கடைத்தெருவில் வாங்கியது. மேலே சுற்றியிருந்த காகிதத்தைக்கூடப் பிரிக்கவில்லை. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் பூட்டையே பார்த்தார்கள்.

"நம்ம காலேஜுக்குன்னு ஒரு பேர் இருக்கு. அது கெட்டுப்போகக் கூடாது," என்று ஆரம்பித்தார் மாஸ்டர். "இன்னியிலேருந்து உங்க கேட்டு அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க."

"இதுவரைக்கும் ஆறு மணிதானே மாஸ்டர்?" என்றாள் ரோனிதா.

"இனிமே அஞ்சு. விடிஞ்சாத்தான் திறக்கும். நடுவுல என்ன காரணம் சொன்னாலும் திறக்காது. அப்புறம், ஈரத்துணிய வெளிக்கொடியில போடாதீங்க. குளிக்கும்போது பாட்டு வேணாம். சிரிக்கிறதையும் கொஞ்சம் மெதுவா சிரிக்கலாம்."

விஷயம் இதுதான். முந்தின வாரம் ஒரு சாயங்காலம், குளியலறைக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டிமேல் எவனோ ஏறி, கூரை இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். தோரிக்காதான் முதலில் கண்டாள். அலறவில்லை, ஒரு வாளி சோப்புத் தண்ணீரை அப்படியே அந்த இடுக்கை நோக்கி வீசினாள். வெளியே வாழை மரங்கள் முறியும் சத்தம் கேட்டது. ஓடியவன் ஒற்றை ரப்பர் செருப்பை விட்டுவிட்டுப் போயிருந்தான்.

மாணவர் நல அதிகாரி என்ற முறையில் ஐசோவா மாஸ்டர் விசாரணை நடத்தினார். குளிக்கப் போகும்போது என்ன உடுத்திப் போனீர்கள், ஏன் பாடினீர்கள், ஏன் கும்பலாகப் போனீர்கள் என்று பெண்களைக் கேட்டார். பெண்களை அடக்கி வைக்கத் தெரியவில்லை என்று மேட்ரன் மேரெசேனியை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார். பையன்களிடம் போய் ஒரு ஜெபம் செய்துவிட்டு வந்தார். பிரின்சிபால் ஒரு மாதப் பயிற்சிக்காகத் தலைநகர் சுவாவுக்குப் போயிருந்ததால் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம்.

தோரிக்கா எழுந்தாள். இரண்டாம் ஆண்டு, பெண்கள் விடுதித் தலைவி. இவள் எழுந்தாலே மாஸ்டருக்கு இடது புருவம் தானாக உயரும்.

"மாஸ்டர், தொட்டிமேல ஏறினது நாங்க இல்லையே?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, புது விதி ஞாபகம் வந்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏறினவங்க விடுதியைப் பூட்டலாமே?"

"அங்க கேட்டே கிடையாதேம்மா, எங்க போயி பூட்டுறது?" என்றார் மாஸ்டர், நிஜமாகவே அதுதான் சிக்கல் என்பதுபோல. "அதோட ஆம்பளப் பசங்க. ரக்பி இருக்கு, தோட்டம் இருக்கு. இதெல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

தோரிக்கா நூலகத்தை நினைத்தாள். நூலகம் இரவு வரை திறந்திருக்கும். கல்லூரியில் இருந்த நான்கு கணினிகளும் அங்கேதான். வகுப்பு முடிந்து, சமையலறை வேலையும் முடிந்து, ஆறு மணிக்குள் அவளுக்குக் கிடைத்துவந்ததே கையளவு நேரம். போன பருவத்தில் கணக்குப் பாடத்தில் தோற்றிருந்தாள். இன்னொரு முறை தோற்றால் உதவித்தொகை நின்றுவிடும். பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்தத் தீவுக்குப் படகேற வேண்டியதுதான். பையன்களின் மதிப்பெண்ணைப் பாருங்கள், உங்களுக்கு ஊக்கம் போதவில்லை என்று போன மாதம் இதே கூடத்தில் இதே மாஸ்டர்தான் பேசினார்.

அழுகை வரும் போலிருந்தது. வருவதற்குள் வேறொன்று தோன்றியது. முகம் சட்டென்று சாதுவாகிவிட்டது.

"மாஸ்டர், என்ன காரணம் சொன்னாலும் திறக்காதா?"

"திறக்காது."

"யார் வந்து கேட்டாலும்?"

"சபைத் தலைவரே வந்து நின்னாலும் திறக்காது!"

"சரிங்க மாஸ்டர்," என்று தோரிக்கா உட்கார்ந்துகொண்டாள். மேட்ரன் மேரெசேனி அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள். இந்தச் "சரிங்க" அவளுக்குப் பழக்கமானது. இதற்குப் பின்னால் எப்போதும் ஏதாவது வரும்.

சபை நடத்தும் சின்னக் கல்லூரி அது. படிப்புச் செலவைக் குறைக்க மாணவர்களே வேலை செய்ய வேண்டும். பையன்களுக்குச் சனிக்கிழமை காலையில் தோட்டம். பெண்களுக்குத் தினமும் மூன்று வேளைச் சமையல். சமையலறை விடுதி வேலிக்கு வெளியே, ரக்பி மைதானத்தை ஒட்டி இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலரைக்கு அடுப்பு மூட்டினால்தான் ஐந்தரைக்குள் முடியும்.

அன்றைக்கும் பெண்கள் நாலரைக்குப் போனார்கள். மரவள்ளிக் கிழங்கை உரித்தார்கள். மீனைக் கழுவினார்கள். தேங்காய்களை உடைத்து வைத்தார்கள். ஐந்து மணி ஆகப்போகும் நேரத்தில் தோரிக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "கிளம்புங்கடி, பூட்டிடுவாங்க," என்றாள். கத்திகள் அப்படியே கிடந்தன. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவதுபோல வரிசையாக நடந்து விடுதிக்குள் போனார்கள். மேரெசேனி எண்ணிப் பார்த்து, புதுப் பூட்டைப் போட்டு, சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

இருட்டத் தொடங்கியதும் பையன்கள் மைதானத்திலிருந்து தட்டும் கையுமாக வந்தார்கள். அடுப்பு அணைந்து கிடந்தது. மீன் பச்சையாக அவர்களைப் பார்த்தது. கொஞ்ச நேரம் மணியை அடித்துப் பார்த்தார்கள். அடித்தால் சோறு வந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

முதலில் வேலிக்கு வந்தவன் பெதெலி. பையன்களின் தலைவன், தோரிக்காவுக்கு சொந்த மாமா மகன். இந்த உறவில் ஒருவரையொருவர் என்ன கேலி வேண்டுமானாலும் செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

"ஏ அத்தை மகளே! உள்ள என்ன பண்ணிட்டிருக்கே? சோறு எங்க?"

"பாதுகாப்பா இருக்கேன் மச்சான்," என்றாள் தோரிக்கா, ஜன்னலில் முழங்கையை ஊன்றியபடி. "நீதான் வெளியில தனியா நிக்கிறே. பாத்து, யாராச்சும் எட்டிப் பாத்துடப் போறாங்க."

உள்ளே வெடித்த சிரிப்பு மெதுவாக இல்லை.

பெதெலி ஓடிப்போய் ஐசோவா மாஸ்டரை அழைத்து வந்தான். அவர் கழுத்தில் துண்டோடு வந்து வேலிக் கம்பியைப் பிடித்தார்.

"மேட்ரன்! என்ன கூத்து இது? பொண்ணுங்கள சமையலுக்கு அனுப்புங்க."

மேரெசேனி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. ரோனிதா வீட்டிலிருந்து வந்திருந்த மாவில் அவளே சின்ன அடுப்பில் சுட்ட ரொட்டி, பூசணிக்காய்க் கறி. மேட்ரன் மூன்றாவது ரொட்டியை மடித்துக் கறியில் தோய்த்தாள்.

"திறக்க முடியாது மாஸ்டர்."

"நான்தானே சொல்றேன்!"

"சபைத் தலைவரே வந்தாலும்னு நீங்கதானே சொன்னீங்க? உங்களுக்காகத் திறந்தா அவரு என்ன நினைப்பாரு?" ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். "எனக்குத்தான் பொண்ணுங்கள அடக்கத் தெரியாதே. இப்பத்தான் கத்துக்கிட்டு வர்றேன். நடுவுல கெடுக்காதீங்க."

மாஸ்டர் வேலிக் கம்பியை விட்டார். பிறகு பையன்கள் பக்கம் திரும்பி, "நீங்களே ஏதாச்சும் பண்ணிக்குங்கடா," என்று சொல்லி வீட்டுக்கு நடந்தார். அவர் வீடு சமையலறைக்கு அடுத்ததுதான்.

அறுபது பையன்களில் ஒருவனுக்கும் அரிசியில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று தெரியவில்லை. பெதெலி திரும்பவும் வேலிக்கு வந்தான்.

"தண்ணி எவ்வளவு ஊத்தணும்?"

"தொட்டிமேல ஏறினது யாரு?" என்றாள் தோரிக்கா.

"அத நான் எப்படிச் சொல்றது? எங்களுக்குள்ள ஒரு இது இருக்குல்ல."

"அப்ப அந்த 'இது'வையே வேகவச்சுத் தின்னுங்க."

போனான். சமையலறையிலிருந்து கருகல் வாடை கிளம்பியது. பத்துப் பதினைந்து பேர் வேலியோரம் வந்து நின்றார்கள். அடிவயிற்றில் பசி இரைந்தது. விளையாடிவிட்டு வந்த பசி.

"சொல்லித் தொலைடா பெதெலி," என்றான் ஒருவன்.

"நீ சொல்லேன்."

"இருங்க, நான் சொல்றேன்!" என்று பின்னாலிருந்து ஒரு முரட்டுக் குரல் வெடித்தது. "செமி! செமிதான் ஏறினான்! மாஸ்டரோட தங்கச்சி மகன்! மாஸ்டருக்கு அன்னிக்கே தெரியும். செருப்பப் பாத்ததுமே தெரியும்! இப்பச் சொல்லு, தண்ணி எவ்வளவு?"

அந்தக் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. மாஸ்டர் வீட்டுக் கதவு திறந்தது. அவர் மனைவி வெனியானா வெளிச்சத்தில் வந்து நின்று, கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தோரிக்காவின் சிரிப்பு நின்றுபோயிற்று. விசாரணையில் "என்ன உடுத்தியிருந்தே?" என்று மாஸ்டர் கேட்டபோது அவர் மேசைக்கு அடியில் அந்தச் செருப்பு இருந்தது. அவளே கொண்டுபோய் வைத்ததுதான்.

"அரிசிக்கு மேல ஒரு விரல்கடை நிக்கட்டும்," என்றாள் கடைசியில். கேட்டவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் மத்தியானமே செமியின் வீட்டு ஆட்கள் வண்டியில் வந்து இறங்கினார்கள். புதுப் பாய், கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு, நடுவில் ஒரு திமிங்கிலப் பல். குற்றம் செய்தவன் வீட்டார் பல்லை வைத்து மன்னிப்புக் கேட்பதும், எதிர்த்தரப்பு அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டால் பேச்சு முடிந்ததும் வழக்கம். எதிர்த்தரப்பாகப் பாயில் உட்கார்ந்தவர் ஐசோவா மாஸ்டர். செமியின் அப்பா, மாஸ்டரின் மச்சான், பல்லை நீட்டினார்; மச்சான் வாங்கிக்கொண்டார். ஆண்கள் எல்லோரும் நிதானமாகக் கைதட்டினார்கள். மரக்கிண்ணத்தில் யங்கோனா சுற்றி வந்தது. தலை குனிந்திருந்த செமிக்கும் ஒரு சிரட்டை கிடைத்தது.

விருந்துக்கான சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக்கொண்டு பெண்கள் சமையலறை ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்தார்கள்.

"மாஸ்டர்," தோரிக்கா கேட்டாள், அவர் கை கழுவ வந்தபோது, "எங்ககிட்ட யாரு மன்னிப்பு கேப்பாங்க?"

"கேட்டாச்சேம்மா. உங்க சார்புல நான் மன்னிச்சிட்டேன். செமி இனிமே ஹாஸ்டல்ல இல்ல, என் வீட்டுலதான் இருப்பான். என் கண்ணு முன்னாலயே."

"அப்ப கேட்டு?"

"கேட்டு அஞ்சு மணிதான். சமையல்காரப் பொண்ணுங்களுக்கு மட்டும் ஆறு வரைக்கும் திறந்து வைக்கச் சொல்றேன்."

ஐந்து மணிக்கு மேரெசேனி பூட்டோடு வாசலுக்கு வந்தபோது எதிரே வெனியானா வந்துகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் அவளுடைய பெண்கள். மூத்தவள் தலையில் சுருட்டிய பாய். இளையவள் கையில் தலையணைகளும் பள்ளிக்கூடப் பையும்.

"மேட்ரன், மூணு பேருக்கு இடம் இருக்குமா?"

மேரெசேனி ஒன்றும் கேட்காமல் விலகி நின்றாள். அதற்குள் மாஸ்டர் பின்னாலேயே வேகவேகமாக வந்துவிட்டார். இடுப்பில் சுற்றிய சூலுவை ஒரு கையால் பிடித்திருந்தார்.

"என்ன பண்றே வெனியானா? எல்லாரும் பாக்கிறாங்க!"

"நீங்க சொன்னதத்தான் பண்றேன். ஆம்பளப் பையன எங்க போயி பூட்டுறது? பையன் இருக்கிற இடத்துல பொண்ணுங்கதானே பூட்டிக்கணும்? நம்ம வீட்டு குளியலறைக்குத் தாழ்ப்பாளே இல்ல. எத்தன தடவ சொல்லியிருக்கேன்."

"அவன் தப்பு பண்ணான், மன்னிச்சாச்சு. பல்லு வச்சாச்சு!"

வெனியானா திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "மன்னிச்சது நீங்க. தொட்டிக்குக் கீழ குளிச்சது நீங்களா?"

மாஸ்டர் கேட்டைப் பிடித்தார். மேரெசேனி மரியாதையாக, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாஸ்டர், மணியாச்சு," என்று சொல்லிப் பூட்டினாள்.

அன்று ராத்திரி மாமனும் மருமகனும் டின் மீனைப் பிரித்துத் தின்றார்கள். மறுநாளும் டின் மீன். அதற்கடுத்த நாள் செமி தன் ஊர் வண்டியில் ஏற்றப்பட்டான். படிப்பு அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. வெனியானா வீடு திரும்பினாள், குளியலறைக்குத் தாழ்ப்பாள் பொருத்திய பிறகு.

திங்கட்கிழமை காலை ஜெபத்துக்குப் பிறகு மாஸ்டர் அறிவித்தார்: பெரிய மனது பண்ணி, நிர்வாகம் பெண்கள் விடுதி கேட்டை மறுபடி ஆறு மணிக்கே பூட்ட முடிவு செய்திருக்கிறது. பையன்கள் பலமாகக் கைதட்டினார்கள். பெதெலி எழுந்து நன்றி வேறு சொன்னான். பிடுங்கிக்கொண்டதையே பரிசாகத் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி எப்படிச் சொல்வது என்று பெண்களுக்குத் தெரியவில்லை.

"ஆறு மணிக்குக் கேட்டு பூட்டியிருக்கணும். ஒரு நிமிஷம் பிசகக் கூடாது," என்று மாஸ்டர் மேட்ரனிடம் அழுத்திச் சொன்னார்.

"பிசகாது மாஸ்டர்," என்றாள் மேரெசேனி.

அன்று சாயங்காலம் மாஸ்டரே வந்து பார்த்தார். ஆறு அடித்தது. கேட்டில் பூட்டு ஒழுங்காகத் தொங்கியது. இழுத்துப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். பிறகுதான் உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை என்பதைக் கவனித்தார். பாட்டு இல்லை, சிரிப்பு இல்லை, ஒரு ஜன்னலிலும் ஒரு முகம் இல்லை.

மைதானத்துக்கு அப்பால் நூலகத்தில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. நான்கு கணினிகளில் ஒன்றின் முன்னால் தோரிக்கா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மேசைகளைச் சுற்றி மற்றவர்கள். கதவருகே நாற்காலியில் மேரெசேனி செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, ஒரு பழைய பத்திரிகையில் கேக் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலி விடுதியைப் பூட்டிய சாவி அவள் ரவிக்கைக்குள் பத்திரமாக இருந்தது.