வன்தனிக்கு ரொம்பப் பிடிச்ச படம்

சாமியிடம் வேண்டிக்கொள்ளும்போது வார்த்தையை அளந்து பேசணும். வன்தனிக்கு அன்றைக்கு அளவாவது, மண்ணாவது! படகு எஞ்சினிலிருந்து தெறித்த இரும்புத் துணுக்கு புருஷன் சமானின் வலது கண்ணில் பாய்ந்துவிட, அவனை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். இவள் மகாச்சாய் மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கிற சாவ்மே அம்மன் கோயிலுக்குத் தலைதெறிக்க ஓடி, ஊதுபத்தியைக் கொளுத்தி, சிவப்பு சோடாவைப் படையலாக வைத்து, மண்டியிட்டாள்.

"தாயே, அவர் கண்ணைத் திருப்பிக் குடு. சூப்பர் ஹீரோ படத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச படத்தை உன் வாசல்ல திரை கட்டிப் போடறேன்!"

அந்த அம்மன் சினிமாப் பைத்தியம் என்பது ஊரறிந்த விஷயம். வேண்டுதல் பலித்தவர்கள் எல்லாரும் அவளுக்குப் படம்தான் போடுவார்கள். முன்வரிசை நாற்காலிகள் அவளுக்கு, மிச்சம் ஜனங்களுக்கு.

கண் பிழைத்தது. கட்டைப் பிரித்ததும் அவள் வேண்டுதலைச் சொல்ல, சமான் குழந்தை மாதிரி குதித்தான். நேராகப் படம் காட்டுகிற பூன்மீயிடம் போய், "அண்ணே, 'இரும்பு எருமை' போடுங்க. எனக்கும் என் பொண்டாட்டிக்கும் உசிரு அந்தப் படம்னா" என்று சொல்லிவிட்டு வந்தான்.

'இரும்பு எருமை'யை வன்தனிக்கு அறவே பிடிக்காது. கல்யாணத்துக்கு முன்னால் முதல்முதலாக அவன் கூட்டிப்போன படம் அது. "எப்படி இருந்துச்சு?" என்று அவன் ஆசையாகக் கேட்டபோது, இந்தப் பையனை விட்டுவிடக் கூடாதே என்று, "இதுமாதிரி நான் பாத்ததே இல்ல" என்று சொல்லித் தொலைத்தாள். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் எருமைப் படம், எருமைத் துண்டு, எருமை டம்ளர். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரசனை" என்று அவன் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான். பாவம், அதில்தான் அவனுக்கு எத்தனை பெருமை!

அவளுக்கு உயிரான படம் 'நண்டரசி'. ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் தோழிகளோடு ஆறு தடவை பார்த்தது. "பிளாஸ்டிக் கொடுக்கை ஆட்டிக்கிட்டு வர்றாளே, அதெல்லாம் ஒரு படமா?" என்பான் சமான். இவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

இப்போது யாரை ஏமாற்றுவது? அம்மனையா, புருஷனையா? ரெண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், அம்மன் பெரிய மனசு பண்ணிக் கண்டுக்காமல் விட்டுவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பொழுது சாய்ந்ததும் படம் ஆரம்பித்தது. எருமை கொம்பை ஆட்டிக்கொண்டு திரையில் வந்து நின்றதுதான் தாமதம், சமான் வலது கண்ணைக் கசக்கினான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"ஐயோ! நிறுத்துங்க! பூன்மீ அண்ணே, நிறுத்துங்க!" வன்தனி எழுந்து ஓடிப்போய் ஒயரையே பிடுங்கிவிட்டாள். "இது எனக்குப் பிடிச்ச படமே இல்ல! 'நண்டரசி' போடுங்க!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. சமான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். "ஊதுபத்திப் புகைடி கண்ணுல... என்ன சொன்ன இப்போ?"

"வேண்டுனது எனக்குப் பிடிச்ச படத்தை. எனக்கு எருமை பிடிக்காது. எப்பவுமே பிடிச்சதில்ல." சொல்லிவிட்டாள்.

"பதினெட்டு வருஷமா?"

அவள் தலையைக் குனிந்தாள்.

"அப்ப நான் வைக்கிற மீன் குழம்பு?"

அவள் பிடுங்கிய ஒயரைக் கையில் சுருட்ட ஆரம்பித்தாள்.

"குழம்புமா!" என்றான் சமான்.

பூன்மீக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தங்கச்சி, அம்மன் காத்துக்கிட்டிருக்கா, ரெண்டு பேரும் உக்காருங்க" என்று 'நண்டரசி'யை ஓட்டினார்.

சமான் ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தான். வன்தனிக்கு ஆசைப்பட்ட படம் கண்ணெதிரே ஓடியும் மனசு அதில் ஒட்டவில்லை. அவன் எழுந்து போய்விடுவானோ என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் நண்டரசி கடத்தல்காரனின் மூக்கைக் கொடுக்கால் கவ்விக்கொண்டு, "மன்னிப்புக் கேளுடா, மத்தி மீனே!" என்று கத்தியபோது தன்னை மறந்து கைதட்டிச் சிரித்துவிட்டாள். சட்டென்று பயந்துபோய்த் திரும்பினாள். சமான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ படம் பாத்து இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையே" என்றான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

படம் முடிந்து ஜனம் கலைந்தது. இருவரும் நாற்காலிகளை அடுக்கினார்கள்.

"இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்கா?" என்று கேட்டான் சமான்.

"இருக்கு."

"நல்லா இருக்குமா?"

பழக்கதோஷத்தில் "ஓ, பிரமாதமா..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "படு மட்டம். உக்கார முடியாது."

சமான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பூன்மீ அண்ணே," என்று உரக்கக் கத்தினான், "அடுத்த வாரம் அந்த ரெண்டாம் பாகத்தைப் போடுங்க. என் பொண்டாட்டி திட்டிக்கிட்டே பாக்கறதை நான் பக்கத்துல உக்காந்து கேக்கணும்!"