ஒத்தாசைக்கு வந்தவள்

சும்மா வந்து வேலை செய்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பட்ட பாடு அப்படி. என் கொழுந்தன் ஜீவா "கூட்டாப் பயிர் பண்ணலாம் அண்ணி" என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டு வந்தவன்தான். கூட்டு முடிந்தபோது இரண்டு பேர் காசிலும் வாங்கிய மோட்டார் அவன் கொட்டகையில் இருந்தது. கிணற்றைத் தூர் வாருகிற வேலை மட்டும் என் தலையில் இருந்தது.

அன்றிலிருந்து யார் எந்தச் சொல்லோடு வருகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்பேன். கூலிக்கு வருகிறேன் என்றால் நிம்மதி. பொழுது சாய்ந்ததும் அவர் வழி அவருக்கு, என் வழி எனக்கு. மாத்தாள் என்றாலும் கவலையில்லை. இன்று நீ என் காட்டில் ஒரு நாள், நாளை நான் உன் காட்டில் ஒரு நாள். எங்கள் பக்கம் பாதி அறுப்பு அப்படித்தான் நடக்கிறது. வாரத்துக்கு உழுகிறேன் என்று வந்தால் மட்டும் ஆளை நன்றாகப் பார்க்க வேண்டும். விளைந்ததில் பங்கு என்பதால் வருஷம் முழுக்க ஒருவரை ஒருவர் நம்பியாக வேண்டும். ஒத்தாசை என்பதோ கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர்கள் சொல்கிற சொல். மூன்று நாள் காட்டு வேலைக்கு அதைச் சொல்லி யாரும் வந்ததில்லை.

குஞ்சம்மாள் அக்கா அதைத்தான் சொன்னாள்.

ஒரு ஏக்கர் மக்காச்சோளம் காய்ந்து நின்றது. வெள்ளிமலைப் பக்கம் தினமும் மதியத்துக்கு மேல் கருக்கிக்கொண்டு வந்தது. கதிர் நனைந்தால் பூசணம் பிடிக்கும், வியாபாரி எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். என் வீட்டுக்காரர் வீரமுத்து சென்னையில் கட்டட வேலையில் இருந்தார். ஊரில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் அறுப்பு, ஆள் கிடைக்கவில்லை. நான் ஒருத்தியாகக் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தபோது அக்கா வரப்பில் வந்து நின்றாள். அடுத்த தெருக்காரி. ஓடைக்கு அந்தப்பக்கம் மலையடிவாரத்தில் குத்தகைக்குப் பயிர் வைக்கிறவள்.

"ஒண்டியா ஒடிச்சிக்கினு இருக்கியே ஜெயா. நானும் ஒரு பக்கம் புடிக்கிறேன்."

"மாத்தாளாக்கா? உன் காட்டுக்கு நான் எப்ப வரணும்?"

"மாத்தாளெல்லாம் இன்னாத்துக்கு? சும்மா ஒரு ஒத்தாசைதான்."

கூலி தருகிறேன் என்றேன். காதிலேயே வாங்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவள் எதற்கு அடி போடுகிறாள்?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வடக்கு மூலைக்குப் போனாள். அங்கே அரை ஏக்கர் தரிசாகக் கிடக்கிறது. மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். நீளவாக்கில் நடந்தாள். நான் சோற்றை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத ஏன் சும்மா போட்டு வச்சிருக்க?" என்று திரும்பி வந்து கேட்டாள்.

"கெடக்குது, உனக்கின்னா?" என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் டிபன் பாக்ஸைக் கழுவினாள்.

சாயந்திரம் ரங்கம்மாள் வேறு எண்ணெய் ஊற்றினாள். பக்கத்துக் காட்டுக்காரி, ஊர்க்கதை எல்லாம் அவள் வாயில்தான் முளைக்கும். "மாத்தாளும் இல்ல, கூலியும் இல்லியா? தெனம் கூடைய ரொப்பிக்கினு போறாளே, உள்ள இன்னா கீதுன்னு பாத்தியா?" என்றாள். இரவெல்லாம் அந்தக் கூடைதான் என் கண்ணுக்குள் நின்றது.

மூன்றாம் நாள் சாயந்திரம் குஞ்சம்மாள் அக்கா கூடையைத் தலைக்குத் தூக்கும்போது நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். "இன்னா எடுத்துக்கினு போறன்னு பாத்துடலாம்" என்றேன். களத்தில் ரங்கம்மாளோடு நாலு பேர் இருந்தார்கள். கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

புல். ஆட்டுக்கு அறுத்த வரப்புப் புல். நடுவில் அந்த டிபன் பாக்ஸ்.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புல்லை எல்லாம் வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு போனாள். தப்பு என்று தெரிந்த பிறகும் என் புத்தி அடங்கவில்லை. இன்று புல் என்றால் நாளை என்ன என்றுதான் ஓடியது.

நாலாம் நாள் அவள் வரவில்லை. கால் வாசிக் கதிர் இன்னும் நின்றது. மலையில் இடி உருண்டது. எனக்கு ஒரு ரோஷம் வந்தது. யாருக்கும் கடமைப்பட்டு நிற்க வேண்டாம், மூன்று நாளை அவள் காட்டில் உழைத்துக் கழித்துவிடலாம் என்று ஓடையைத் தாண்டிப் போனேன்.

அவள் காடு இல்லை. சுற்றிக் கம்பி வேலி. உள்ளே செங்கல் இறக்கியிருந்தார்கள். நிலத்துக்காரர் யாரோ வெளியூர்க்காரருக்கு விற்று இருபது நாளாகிறது என்று வாட்ச்மேன் சொன்னார். நாங்கள் யாரும் அந்தப் பக்கமே போகாததால் ஊருக்குத் தெரியவில்லை. மாத்தாள் என்று அவள் ஏன் சொல்லவில்லை என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. பதிலுக்கு வந்து வேலை செய்ய அவளுக்குக் காடு எங்கே இருக்கிறது?

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"காடு போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாக்கா?"

"சொல்லத்தான் வந்தேன். உன் வடக்கு மூலைய வாரத்துக்குக் கேக்கலாம்னு. கேக்க வாய் வரல. வேலையப் பாத்துட்டு நீயே குடுப்பன்னு நெனச்சேன்."

ஆக, அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. என் சந்தேகம் முழுப் பொய் இல்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"எடுத்துக்கக்கா. வாரமெல்லாம் உன் இஷ்டம். நாளைக்கே உழுவு."

ஆட்டுக்கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன்.

"வேணாம் ஜெயா. வாரத்துக்கு உழுதா ஒவ்வொரு அறுப்புக்கும் உனக்குக் கொட்டிக் காட்டிக்கினே இருக்கணும். என்னால ஆவாது." ஆட்டுக்குப் புல்லை அள்ளிப் போட்டுவிட்டு, "கூலிக்குன்னா வரேன். அது சாயந்திரத்தோட முடிஞ்சிடும்" என்றாள்.

பேசிப் பார்த்திருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். எனக்கு அழுகை வரத்தான் செய்தது. ஆனால் மலைமேல் மறுபடியும் இடி இடித்தது. என் கண் வானத்துக்குப் போனதை அவளும் பார்த்துவிட்டாள்.

"எத்தினி மணிக்கு வரட்டும்?" என்று கேட்டாள்.

"ஏழு மணிக்கு" என்றேன்.